பங்களா வாசலில் நின்ற வெள்ளைச் சட்டைகள்

இன்று காலை அடுத்த வீட்டில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார்கள். அந்தச் சூட்டு வாடை மூக்கில் ஏறியதும் என்னவென்று கேட்க வெளியே வந்தேன். கோயில் நிலத்துக்காகப் பிரிஞ்சாங் டவுனுக்கு வரும் யாரோ ஒரு மந்திரியைப் பார்க்கப் போகிறார்களாம். "கூட்டமாப் போய் நின்னாதான் மதிப்பாங்க, அம்மா," என்றார் புதிதாக வந்திருக்கும் போதகர். நான் உள்ளே வந்துவிட்டேன். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? போய்ச் சேர்ந்துவிட்டாலும் உங்களிடம்தான் எனக்குப் பேச்சு பாக்கி.

நீங்கள் என் புருஷன், நம் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு உபதேசியார். ஞாயிறுதோறும் ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்பீர்கள். வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்த பிறகும் அதை நீங்கள் விடவில்லை, பெயரை மட்டும் மாற்றினீர்கள். "யாருக்குங்க ஜெபம் பண்றீங்க, நம்ம சோத்தைப் பிடுங்கினவனுக்கா?" என்று கத்தினேன். "ஆளுறவனுக்காக முழங்கால் போட்டவன்தான் அவன் முன்னால நிமிந்து நின்னு நியாயம் கேக்கலாம்," என்றீர்கள். பேச்சுக்கு உங்களிடம் குறைச்சலே இல்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. லோரி சத்தம் கேட்டால் ஆண்கள் தேயிலைக்குள் பாய்ந்துவிடுவார்கள். என் தம்பி ஞானத்தைத் திரிங்காப்பில் ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில், கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். தாயில்லாப் பிள்ளை, என் இடுப்பில் வளர்ந்தவன். அவன் பிழைத்தால் போதும், மற்றதெல்லாம் எக்கேடு கெட்டாலும் கெடட்டும் என்றிருந்தேன்.

நீங்கள் சும்மா இருந்தீர்களா? துரை பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பான் அதிகாரியிடம் போய், இனி ஆள் பிடிக்க வேண்டாமென்று கேட்கப் போவதாகச் சொன்னீர்கள். கேட்பது தப்பில்லை. துரை காலத்து வழக்கத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போனீர்களே! துரையிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் லயத்து ஆண்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையில் பங்களா வாசலில் வரிசையாக நிற்க வேண்டும், வாட்டசாட்டமானவர்கள் முன்வரிசையில். வராதவனுக்கு மனுவில் பங்கில்லை. துரை ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வருவார்.

"ஞானத்தையும் வரச் சொல்லு," என்றீர்கள்.

"அவன் எதுக்குங்க? நீங்க போய்ப் பேசுங்க. அவன் அங்கேயே கிடக்கட்டும்."

"என் வீட்டு ஆளை ஒளிச்சு வச்சிட்டு மத்தவங்க பிள்ளைய எப்படிடி முன்னால நிறுத்துவேன்? மனசுல பொய்ய வச்சுக்கிட்டு ஆண்டவர் பேரச் சொல்லிப் பேச முடியுமா?"

திரிங்காப்புக்குச் சொல்லி அனுப்பினேன். ஞானம் சிரித்துக்கொண்டேதான் வந்தான். உங்கள் பழைய சட்டையை மாட்டிக்கொண்டான், தோளில் தொளதொளவென்று கிடந்தது. "நீ ஏன்க்கா அழுவுற? அத்தான் பேசுனா எவனும் கேப்பான்," என்றான்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நின்றேன். நீங்கள் மலாய் பாஷையில் பேசினீர்கள். ஆண்களைக் கொண்டுபோய்விட்டால் கிழங்கு யார் போடுவது, பெண்டு பிள்ளைகள் எப்படிப் பிழைப்பது என்று அழகாகத்தான் பேசினீர்கள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேட்டுக்கொண்டே ஒவ்வொருவர் புயத்தையும் அமுக்கிப் பார்த்தான், ஞானத்தின் புயத்தையும். பிறகு விசில் ஊதினான். பங்களாவுக்குப் பின்னாலிருந்து லோரிகள் வந்தன. தேயிலைக்குள் தேடி அலைகிற வேலையை நீங்கள் அவனுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டீர்கள்.

மொத்த வரிசையையும் ஏற்றினான். நீங்களும் ஏறப் போனீர்கள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் உங்கள் நெஞ்சில் இடித்துத் தள்ளினான். அதிகாரி உங்கள் தோளைத் தட்டி, "பாகுஸ்," என்றான். நல்ல வேலை செய்தாய் என்று மெச்சினான், பாவி. சாயங்காலம் லயமே பார்க்க நம் வாசலில் ஒரு மூட்டை அரிசி வந்து இறங்கியது.

அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். பிள்ளைகளின் பசிக்காக எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு உங்கள் முகத்தில் காறித் துப்பினார்கள். நீங்கள் துடைத்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்?

சண்டை முடிந்ததும் அந்த வரிசையிலிருந்து ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். நீங்கள் கோலா தெர்லாவுக்கு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள், அதனால் என்னிடம் சொன்னான். ஞானம் அங்கே காலராவில் போய்விட்டானாம். கண் மூடுகிறவரை மற்றவர்களைத் தேற்றிக்கொண்டே இருந்தானாம். "பயப்படாதீங்க. அத்தான் இந்நேரம் எவன்கிட்டயாச்சும் பேசிக்கிட்டுத்தான் இருப்பாரு. நம்மள விட்டுருவாங்க."

அதன் பிறகும் நீங்கள் நெடுங்காலம் என்னோடு வாழ்ந்தீர்கள். ஆளுகிறவர்களுக்கான ஜெபத்தையும் விடவில்லை, குரல்தான் செத்துப்போயிருந்தது. ஞானம் கடைசியில் ஏதாவது சொன்னானா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் தெரியாது என்றேன். அவன் சொன்னதை இன்னும் நான் ஒருத்திதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் உங்களைத் திட்டிவிட்டுச் செத்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்து சொல்லியிருப்பேன்.