ஒன்பது என்று எழுதிய மூன்று

கானிமீட் நிலையம், நாள் 212, 06:10

பதிவர்: பியூலா, பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான்.

காற்று இயந்திரம் ஓடுகிறது. கரியமில வாயு சென்சார் மட்டும் தப்புக் காட்டுகிறது. பூமியிலிருந்து திருத்தம் வந்திருக்கிறது. இயந்திரத்தின் நிரல்மொழி 'தறி', ஒன்பதாம் பதிப்பு என்கிறது திரை. வியாழனின் இன்னொரு துணைக்கோளான கலிஸ்டோவில் என் கணவர் எபனேசரும் குழுவினரும் குளிர்த்தூக்கத்தில் இருக்கிறார்கள். அங்கேயும் இதே இயந்திரம்தான்.

09:35

திருத்தத்தை ஏற்றினேன். இயந்திரம் நின்றுவிட்டது. "கட்டளை புரியவில்லை" என்கிறது.

உள்ளே திறந்து பார்த்தேன். ஓடுவது மூன்றாம் பதிப்பு! தறியை உருவாக்கியவர்களே கைகழுவிய பதிப்பு. திரையில் தெரியும் ஒன்பது, யாரோ கையால் தட்டி வைத்த எண். எஃப்.சி. தகுதிச் சோதனைக்குப் போகிற லாரிக்கு நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டுவார்களே, அந்தப் பிழைப்பு. அயோக்கியர்கள்.

சிலிண்டரில் மூச்சு விடுகிறேன். மாலைவரை தாங்கும். கலிஸ்டோவில் இந்தத் திருத்தத்தை ஏற்றிவிடாதீர்கள் என்று பூமிக்குச் செய்தி அனுப்பினேன்.

11:20

நிரல்துறைத் தலைவர் தளவாயின் பதில்:

"கோவப்படாதீங்க மேடம். வால்வு நிரல எழுதுனவரு வேலைய விட்டுப் போயிட்டாரு. அது மூணுலதான் ஓடும். மாத்தி நல்லா ஓடுனா ஒருத்தனும் பாராட்ட மாட்டான், கெட்டுச்சுன்னா எங்க தலதான் உருளும். அதான் தணிக்கைக்கு ஆள் வந்தப்ப நம்பர மட்டும் மாத்தி வச்சோம். எல்லா நிலையத்துலயும் அப்படித்தான்."

உங்கள் தலை உருளக் கூடாது, நாங்கள் மூச்சு முட்டிச் சாகலாம். நல்ல நியாயம்!

14:20

நானே மூன்றாம் பதிப்பில் ஒட்டுப்போட்டேன். சென்சார் சோதனையை முழுக்க நீக்கினேன்; அதோடு அபாய மணியும் போயிற்று. இனி கைமானியைப் பார்த்து நானே சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் கரியமில வாயுவை வெளியேற்றும் வால்வு திறக்கும். இயந்திரம் ஓடுகிறது.

நிரலை விளக்கத்தோடு பூமிக்கு அனுப்பினேன். கலிஸ்டோவையாவது ஒழுங்காகப் புதுப் பதிப்புக்கு மாற்றித் தொலையுங்கள் என்று திட்டியும் அனுப்பினேன்.

15:55

தளவாய்:

"சூப்பர் மேடம்! மூணுலயே ஓட வச்சிட்டீங்க! அத அப்படியே கலிஸ்டோவுக்கும் ஏத்திட்டோம். மாத்துற தொல்ல விட்டுது. திரையில இப்ப பத்துன்னு போட்டாச்சு."

விளக்கத்தைப் படிக்கவில்லை. ஓடுகிறது என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திவிட்டார்கள். நான் விழித்திருப்பதால் இங்கே ஓடுகிறது, முட்டாள்களே! அங்கே பொத்தானை அமுக்க யார் இருக்கிறார்கள்?

16:02

ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். செய்தி பூமிக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆகும். கலிஸ்டோவின் இயந்திரத்தை இங்கிருந்து தொட எனக்கு அனுமதி இல்லை. அங்கே மணி அடிக்காது. அதை எடுத்தது நான்.

கலிஸ்டோவின் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறேன். குளிர்த்தூக்கத்தில் காது கேட்காது என்று தெரியும். கூப்பிடுகிறேன்.

"ஏங்க, எந்திரிங்க. செவப்புப் பொத்தான். அத அமுக்குங்க. யாராவது எந்திரிங்க. எபனேசர், நான் பேசுறேன், எந்திரிங்க"