டீக்கடையில் நீ படித்த பேப்பர்

மச்சான், எப்படி இருக்கிறாய்? முட்டி வலி விட்டதா? நீ போன இடத்தில் மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிற வேலை இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கரும்பு வெட்டு முடிந்துவிட்டது. மலையில் பெய்த மழைக்குக் கோமுகி அணையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் பேனா வெட்கப்படும் என்று திருத்தித்தான் எழுதுகிறாள். அதனால் விஷயம் என்னுடையது, நடை அவளுடையது. எங்காவது புரியவில்லை என்றால் என்னைத் திட்டாதே.

இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் செல்வி கடையில் போண்டா வாங்கினேன். ஒரு துண்டுப் பேப்பரில் வைத்துக் கொடுத்தாள். தின்று முடித்துப் பார்த்தால், எண்ணெய் ஊறிய அந்தப் பேப்பரில் ஒரு ஆள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாய் கோணி நிற்கிறான். கீழே பெரிய பெரிய எழுத்து. இவனுக்கு என்ன வந்தது? வீடு இடிந்ததா, பிள்ளை ஓடிப்போனதா? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து தெரியாதவனுக்குப் படம்தானே பிடிமானம்.

"இன்னா செல்வி, இந்த ஆளுக்கு இன்னா ஆச்சு?"

எட்டிப் பார்த்தாள். "இடுப்பு வலி மாமா. தைல விளம்பரம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வேற இன்னா ஆவணும் அவனுக்கு?"

நீ இருந்திருந்தால் அவனை இடுப்பு வலியோடு விட்டிருக்க மாட்டாய். அவனுக்கு ஒரு ஊர் கொடுத்திருப்பாய், பாகம் பிரிக்க மாட்டேன் என்கிற ஓர் அண்ணனைக் கொடுத்திருப்பாய், டீ ஆறுவதற்குள் இரண்டு பேரையும் சமாதானம் செய்தும் வைத்திருப்பாய்.

இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கடைக்குச் செய்தி படித்தவன் நீ. முதல் பேருந்தில் பேப்பர் வரும். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவாய். உன் சம்பந்தி திருநாவலூரில் வாங்கித் தந்த கண்ணாடியை மாட்டுவாய். அதில் பவரே கிடையாது, வெயிலுக்குப் போடுகிற கண்ணாடியின் வெள்ளை வகை. பேப்பரை விரித்து, தொண்டையைச் செருமி, "மழ இல்லயாம் இன்னும் மூணு நாளைக்கு" என்று ஆரம்பிப்பாய். பெட்ரோல் விலை, கரும்பு நிலுவை, டெல்லியில் நடப்பது எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் உன் தீர்ப்பும் வரும். "இவன் சொல்றது சரிதான். ஆனா சொல்ற விதம் சரியில்ல" என்பாய். சொல்கிற விதம்தான் உனக்கு எப்போதும் முக்கியம்.

உனக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் இரண்டு பேரும் ஆடு மேய்த்த காலத்தில் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் அல்லவா. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ரேடியோவில் கேட்பதை மனசில் ஏற்றிக்கொண்டு வந்து பேப்பரில் படிப்பாய். என்ன ஞாபகம் உனக்கு.

ஒரு நாள் பேருந்து வழியில் பழுதாகி நின்றுவிட்டது. பேப்பர் வரவில்லை. மேசையில் போன வாரத்துப் பேப்பர் கிடந்தது. அதில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரி கவிழ்ந்து ரோடு முழுக்கப் பூசணிக்காய் உருண்டு கிடக்கும் படம். போன வாரம் அதே படத்தைப் பார்த்து அதே பூசணிக்காயைப் படித்தவன் நீ. அன்றைக்கு அந்தப் பேப்பரை விரித்து, அன்றைய மழையையும் அன்றைய விலைவாசியையும் படித்தாய். நான் சிரிப்பை அடக்க டீ கிளாஸைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. ஒரு விபத்துச் செய்தி. டிரைவரின் பெயரும் ஊரும் ரேடியோவில் சொன்னதை நானும் கேட்டேன். நீ படிக்கும்போது "யாரோ ஒரு டிரைவர்" என்றாய். பால் வண்டி ஓட்டுகிறவன் விடவில்லை.

"பேரு போட்டிருக்கானா பெரிப்பா?"

"போட்டிருக்கான்."

"படியேன்."

"எதுக்கு? அவனுக்குப் பொண்ணு குடுக்கப் போறியா?"

கடை சிரித்தது. நீ அடுத்த செய்திக்குப் போய்விட்டாய். திரும்பி நடக்கும்போது உன்னைக் கேட்டேன். "ரேடியோல சொன்னானே மச்சான், உனக்கு மறந்துடுச்சா?"

"மறக்கல. அவன் புள்ள இஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கும்டா. அவன் பேரு நம்ம கடையில எதுக்கு உருளணும்?"

இதைக் கேட்டவன்தான் நான். கேட்டும் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்தத் தம்பி வந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தை நீ கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் இருந்து வந்தான். பணிவான பையன், இருபத்தைந்து வயசு இருக்கும். ஊர் ஊராகப் போய்ச் சிரிப்புக் கதை பதிந்து சேனலில் போடுகிறானாம். யாரோ என்னைக் கை காட்டியிருக்கிறார்கள்.

நான் கதை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்ப்பேன். யார் மனசு எங்கே நோகும் என்று கணக்குப் போட்டுக்கொள்வேன். ஒரு கல்யாணத்தில், பந்தியில் வெட்கப்பட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய்த் தவிட்டைத் தின்ற மாப்பிள்ளையின் கதையைத் தொடங்கிவிட்டேன். பாதியில் பார்த்தால் அந்த மாப்பிள்ளையின் சித்தப்பா எதிரே வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த இடத்திலேயே மாப்பிள்ளையைக் கல்வராயன் மலைக் கரடியாக மாற்றிவிட்டேன். சிரிப்பு ஒன்றும் குறையவில்லை. அந்தச் சித்தப்பாதான் எல்லாரையும்விட ஜாஸ்தி சிரித்தார்.

ஆனால் அந்தத் தம்பி, போனை ஒரு குச்சியில் மாட்டி, "இதப் பாத்துப் பேசுங்கய்யா" என்றான். சுற்றிப் பார்த்தேன். அவன், அவன் கூட்டாளி, ஒரு நாய். நோகிற ஆள் யாரும் இல்லை. அந்தப் போனின் கறுப்புப் புள்ளிக்குப் பின்னால் ஊரே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பூசணிக்காய்ப் பேப்பரைச் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன், உன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

நான்காம் நாள் காலை. நீ துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தாய். பால் வண்டிக்காரன் பேப்பரை உன் கையில் கொடுத்து, "பெரிப்பா, இன்னிக்கி எழுத்துக் கூட்டியே படி" என்றான். அவன் போனில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. நீ பேப்பரை நாலாய் மடித்தாய். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாய். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போனாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் மச்சான்.

கண்ணாடியைச் செல்விதான் எடுத்து வைத்தாள். அன்றைக்கு அவள் சொன்னது இன்னும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க மாமா? அந்தப் பூசணிக்கா பேப்பர் அன்னிக்கு, படிக்கத் தெரிஞ்சவங்க ஆறு பேரு இங்க இருந்தோம். தேதிய நானே பாத்தேன். ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினோம், அவ்ளோதான்."

"தெரிஞ்சும் ஏன் கேட்டுக்கினு இருந்தீங்க?"

"பேப்பர்ல இருக்கறத நாங்களே படிச்சிக்குவோம். அவரு சொல்றது பேப்பர்ல இருக்காதே."

அப்படியென்றால் நான் உடைத்தது உன் ரகசியத்தை இல்லை. அது ரகசியமாகவே இல்லை. தெரிந்தும் தெரியாததுபோல் கடையே இத்தனை நாளாகக் காத்துவந்த ஒரு மரியாதை. அதைத்தான் உடைத்திருக்கிறேன். பால் வண்டிக்காரனுக்கும் முன்பே தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால், அதுவரை வராத துணிச்சல் போனைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது? ஊரே பார்த்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டானோ என்னவோ. இந்த ஒன்றை யோசித்து யோசித்து எனக்கு முடிவு கிடைக்கவில்லை.

ஐந்தாறு நாள் பார்த்தும் நீ கடைப் பக்கம் வராததால் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினேன். அதை எடுத்துவிட்டால் நீ மறுபடி கடைக்கு வருவாய் என்று ஒரு நம்பிக்கை. விசாரித்துப் போய் அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

"நான் பேசனத எங்கப்பா வச்சிருக்க?"

"என்கிட்ட இல்லீங்கய்யா. அது நெட்ல இருக்குது."

"அது எங்க இருக்குது? பஸ் போவுதா?"

சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"எத்தினி பேரு பாத்தாங்க? நம்ம ஊரு தேருக்கு வர்ற கூட்டம் இருக்குமா?"

"அதுக்கும் மேலங்கய்யா."

"அவங்கல்லாம் யாரு?"

"அது தெரியாதுங்களே."

வீட்டுக்குள் யாரை விட்டோம் என்று விட்டவனுக்கே தெரியவில்லை. இப்படி ஒரு வாசல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

"எடுத்துடுப்பா."

"எல்லாரும் பாசமாத்தான் எழுதிக்கினு இருக்காங்கய்யா. தாத்தாவப் புடிச்சிருக்குதாம்."

"இருக்கட்டும். அந்தத் தாத்தா அஞ்சாறு நாளா டீ குடிக்கல."

போனை எடுத்தான். பிறகு என் கண் முன்னால் ஒரு விரலால் அழித்தான். "நம்ம சேனல்ல இருந்து போச்சுங்கய்யா. வேற யாராவது வெட்டிப் போட்டிருந்தா அது நம்ம கையில இல்ல" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கேட்டான், வாய் திறந்தவன் நான்.

நேரே உன் வீட்டுக்கு வந்தேன். நீ மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாய்.

"எடுத்துட்டாங்க மச்சான்."

"இன்னாத்த?"

"அந்த வீடியோவ."

இரண்டு பிடி தட்டு வெட்டினாய். பிறகுதான் பேசினாய். "கத நல்லாத்தான் சொன்ன. பேரு சொல்லியிருக்க வேணாம்."

நான் சிதறிக் கிடந்த தட்டை அள்ளிப் போட்டேன். நீதான் உள்ளே பார்த்து, "ரெண்டு டீ போடு" என்றாய். குடித்தோம். வைக்கோல் விலையைப் பேசினோம். நான் கிளம்பும்போது நீ வாசல் வரை வந்தாய். ஆனால் கடைக்கு வரவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. கார்த்திகை பிறக்கும்போது நீ இல்லை.

போன வாரம் என் மருமகள் போனில் புதிதாக என்னவோ ஏற்றினாள், டார்ச் அடிப்பதற்கு. அது அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறது. படங்களைப் பார்க்கலாமா, பேசுவதைக் கேட்கலாமா, யார் யார் நம்பர் இருக்கிறது என்று பார்க்கலாமா. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போகிறாள். "வெளிச்சம் காட்றதுக்கு நம்ம வூட்டு போட்டோ எதுக்கும்மா?" என்றேன். "வேணாம்னா தெறக்காது மாமா" என்றாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். எனக்கோ வேறு யோசனை. அந்தப் பொட்டிகூட ஒரு பேச்சுக்காவது கேட்கிறது. நான் உன்னை அதுகூடக் கேட்கவில்லையே.

உன் மனைவியைப் பார்க்கப் போனேன். தங்கச்சி ஒரு விஷயம் சொன்னது.

"அத அழிக்கறதுக்கு முந்தி, பேத்திகிட்ட போட்டுக் காட்டச் சொன்னாரு அண்ணே. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. செவுத்துப் பக்கம் திரும்பி உக்காந்துக்கினு பாத்தாரு. தோளு மட்டும் குலுங்குச்சு."

"சிரிச்சானா, அழுதானாம்மா?"

"நான் பின்னால இருந்தேன். கேக்கல. கேட்டா நல்லா இருக்காதுன்னு வுட்டுட்டேன்."

அதுதான் தங்கச்சி. நானாக இருந்தால் முன்னால் போய் எட்டிப் பார்த்திருப்பேன். இப்போதும் எட்டிப் பார்க்கத்தான் மனசு துடிக்கிறது. நீ எந்த இடத்தில் குலுங்கினாய்? பூசணிக்காயிலா, உன் அப்பா பெயரிலா? பூசணிக்காய் என்றால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

நேற்று அந்தத் தம்பி போன் பண்ணினான். நீ இறந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் தாத்தாவைக் கேட்கிறார்களாம். உன் நினைவாக ஒன்று போடலாம், தாத்தாவைப் பற்றி இன்னும் கதை இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கு வருகிறேன் என்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

கதை இருக்கிறது மச்சான். நாம் கடுக்காய் வாங்கக் கல்வராயன் மலையில் கரியாலூர் வரை ஏறிய வருடம் நடந்தது. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என்னிடம் இருக்கும் கதைகளில் அதுதான் பெரிய கதை. சொன்னால் கேட்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவான். மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு, "இன்னா மாமா அது?" என்கிறாள். ஒன்றும் இல்லை, மேலே எழுது என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதுகிறாள்.

கதை சொல்கிறவனுக்குச் சொல்லாமல் வைத்திருப்பது பழக்கமில்லாத பாரம். நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது. கரும்புக் காட்டில் சொல்லத் தோன்றும், பேருந்தில் சொல்லத் தோன்றும். கூட்டத்தில் சிரிப்புக் குறைந்தால் இன்னும் ஜாஸ்தி தோன்றும். அதோடுதான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீ பார்த்தால் என் கஷ்டத்துக்கு நன்றாகச் சிரிப்பாய்.

வாசலில் வண்டி வந்து நிற்கிறது. "ஐயா, வூட்ல இருக்கீங்களா?" அவன்தான். குச்சியும் கையுமாக வந்திருக்கிறான். மருமகள் உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்கிறாள். இரு மச்சான், வெயிலில் வந்த பிள்ளை, முதலில் அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுக்கிறேன். குடித்து முடித்ததும், "தம்பி, அவனப் பத்திச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.