அண்ணனைக் கரைத்த குளம்

ஆகஸ்ட் 4, செவ்வாய்
வறட்டுக் காற்று. மழைக்கு அறிகுறியே இல்லை. குழாயில் காலை அரை மணி நேரம்தான் தண்ணீர். வாங்க வேண்டியவை: சோப்பு, டோர்ச் பெட்டரி, அண்ணனின் வருஷத் திதிக்குக் கற்பூரம்.

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் கங்காணி வழியில் நிறுத்தினார். "வாத்தியாரே, குளம் வத்திப் போச்சுங்க. சேத்துல மஞ்சத் துணி கட்டுன பானை ஒண்ணு தெரியுது."

அது நான் கட்டிய துணி.

ஆகஸ்ட் 5, புதன்
போய்ப் பார்த்தேன். அண்ணனின் அஸ்திதான். போன வருஷம் கரைக்கும்போது பானையை உடைத்து விடச் சொன்னார்கள், மனம் வராமல் முழுப் பானையாக இறக்கினேன். விட்ட இடத்திலேயே கிடக்கிறது.

தப்பு என்னுடையது. ஆறு இந்தக் குளத்தில் பிறக்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவன். சாவு வீட்டில் அண்ணிக்கும் படம் வரைந்து காட்டினேன்: குளம், பதுளை ஓயா, மகாவலி, திருகோணமலைக் கடல். "அண்ணன் கோணேசர் காலடிக்கே போயிருவாரு அண்ணி." பெரிய புவியியல் வாத்தியார்.

இன்றுதான் அணையைச் சுற்றி நடந்தேன். வெள்ளைக்காரத் துரை தேயிலைத் தொழிற்சாலையின் தண்ணீர்ச் சக்கரத்துக்காகக் கட்டிய குளம். கரண்ட் வந்த பிறகு மதகைச் சிமெந்து வைத்து அடைத்துவிட்டார்கள். ஆறு பிறப்பது கீழே, புதருக்குள் ஓர் ஊற்றில். குளத்துத் தண்ணீர் எங்கேயும் போவதில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்
சனிக்கிழமை அண்ணிக்கு அந்த மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. அவர் கண்ணில் படுமுன் எடுத்து ஊற்றில் விட வேண்டும். பாவம், புருஷன் கடலில் சேர்ந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

கற்பூரம் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி
விடிந்ததும் போனேன். முழங்கால் வரை சேறு. பானையோடு நிமிர்ந்தால் அணை மேல் அண்ணி, முதுகில் கூடையோடு.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டேன்.

"தெரியும் தம்பி," என்றார். "சின்னப் புள்ளையிலருந்து இதுல துணி தொவைக்கிறேன். சோப்பு நொரைகூட நகராது."

"அப்ப ஏன் அண்ணி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க படம் போட்டுக் காட்டுனீங்க. அம்புட்டு தூரம் அவரத் தனியா அனுப்ப மனசு வரல. இங்கன்னா வேலைக்குப் போறப்ப ஒரு பார்வை பாத்துட்டுப் போவேன்."

ஊற்றைக் காட்டினேன். இப்போதாவது கடலுக்குப் போகட்டும் என்றேன்.

"வேணாம் தம்பி. இருந்த எடத்துலயே வைங்க."

வைத்தேன். வேறு யார் கண்ணிலும் படாமலிருக்க, ஈரச் சேற்றை அள்ளி மேலே பூசினேன்.

"கொஞ்சமாப் போடுங்க," என்றார் அண்ணி. "அவருக்குக் குளிரு ஆகாது."