கொம்பு முளைக்காத மூஞ்சி

ஆடி 6, ஞாயிறு ராத்திரி

பாப்பு, இன்னைக்குச் சாயங்காலம் குற்றாலத்துல டைனோசர் பாத்தேன். சீசனுக்கு எலும்புக் கண்காட்சின்னு கூடாரம் போட்டிருக்காங்க. "பல்லிக்குப் பெரியப்பன் வந்திருக்கு, போய்ப் பாரு. கடைய நான் பாத்துக்கிடுதேன்"னு உங்கப்பா அனுப்பி வச்சாரு.

உள்ள ரெண்டு மண்டையோடு. பெருசுக்குக் கொம்பு இருக்கு. சின்னதுக்குக் கொம்பே இல்ல, கண்ணுக்குழி மட்டும் பெருசு. முதல்ல வேற வேற மிருகம்னு நெனச்சாங்களாம். எலும்பை அறுத்துப் பாத்தா மரத்துல மாதிரி வருசக் கோடு இருக்குமாம். சின்னதுல கோடு கம்மி. அப்பதான் அது பெருசோட குட்டின்னு தெரிஞ்சுதாம். வளர வளர மூஞ்சியே மாறிருமாம்.

வெளக்கிச் சொன்ன பிள்ளைகிட்ட, "பெத்தவளுக்காவது அடையாளம் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"அதை எலும்பு சொல்லாதுக்கா"ன்னு சிரிச்சா.

எனக்குச் சிரிப்பு வரல. அருவி வெள்ளம் உன்னை இழுத்துட்டுப் போனப்ப உனக்கு ஆறு வயசு. உடம்பு கிடைக்கல. பத்து வருசமா ஒவ்வொரு சீசனும் கடையில துண்டு வித்துக்கிட்டே அந்த ஆறு வயசு மூஞ்சியைத்தான் கூட்டத்துல தேடுதேன்.

இன்னைக்குக் காலையில ஒரு நெட்டைப் பிள்ளை, தலை சொட்டச் சொட்டக் கடை முன்னால வந்து நின்னா. "முன்ன உங்க கடை பாலத்துக்கிட்ட இருந்துச்சுல்லா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். உன்னைப் பறிகொடுத்ததும் அங்கன இருந்து மாறிட்டோம். நான் அவ மூஞ்சியைப் பாக்கல. அவளைத் தாண்டி, குளிச்சிட்டு வந்த சின்னப் பொம்பளப் பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்புறதுக்குள்ள போயிட்டா.

உங்கப்பா தூங்குதாரு. உன் போட்டோவை மடியில வச்சிருக்கேன். யாரோ பிள்ளை மாதிரி இருக்கு.

இப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கு, பாப்பு?