அக்காவின் சிரிப்பு போன இடங்கள்

மார்ச் 2

புதுப்படம் பார்த்தேன். கதாநாயகன் ஊழலை ஒழிக்கிறார். எப்படி? அமைச்சரை மாடியிலிருந்து தூக்கிப் போட்டு. வழக்கு, சாட்சி, தீர்ப்பு எதுவும் வேண்டாம், தோள்வலு போதும். பக்கத்து இருக்கைக்காரர் அடித்த விசிலில் என் காது அடைத்துக்கொண்டது. இடைவேளையில் அவரே வரிசையில் புகுந்து முன்னால் போய்த் தேநீர் வாங்கினார். படம் அவரை ரொம்பவே திருத்தியிருக்கிறது.

மார்ச் 5

பாட்டுப் போட்டி நடுவர் இன்றும் அழுதார். அரங்கமே உருகியது. அதாவது, உருக வைத்தது நான். கைதட்டல், 'ஆஹா', விசும்பல், சிரிப்பு எல்லாம் என் கணினியில் தனித்தனியாக இருக்கின்றன. வேண்டிய இடத்தில் ஒட்டுவதற்குத்தான் தொலைக்காட்சியில் எனக்குச் சம்பளம்.

இருப்பதிலேயே நல்ல சிரிப்பு அக்காவுடையது. எப்போதோ ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு அவளைப் பார்வையாளராக அழைத்துப்போனபோது பதிவானது. முதலில் சத்தமில்லாமல் குலுங்குவாள், பிறகு மூச்சு வாங்கும், கடைசியில் "ஐயோ, போதும்!" என்று முடிப்பாள். கேட்டால் கடன்காரனுக்கும் சிரிப்பு வரும்.

மார்ச் 9

அக்காவின் தையல் கடையில் இப்போது துணியைவிட அரசியல்தான் அதிகம் வெட்டப்படுகிறது. எங்கள் பகுதி நூலகத்தை இடித்துக் கடை வளாகம் கட்டுவேன் என்கிறார் தேர்தலில் நிற்கும் ஒரு வேட்பாளர். அக்கா அதை எதிர்த்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள்.

"டிவிலதானேடா வேலை பாக்கற, ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

கலைத்துறையில் இருப்பவன் நடுநிலையோடு இருக்க வேண்டும் என்றேன்.

"யாரு, நீ கலைத்துறையா?" என்றாள். பிறகு அதே சிரிப்பு.

மார்ச் 14

வேட்பாளர் பேச்சு ஒளிபரப்புக்கு வந்தது. பாதி அரங்கு காலி. அவர் சொன்ன நகைச்சுவைக்கு அவருடைய ஆட்களே சிரிக்கவில்லை. "கொஞ்சம் உயிர் குடுப்பா" என்றார் தயாரிப்பாளர். கொடுத்தேன். கை தானாக வேலை செய்கிறது. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல நாள்.

மார்ச் 15

ஐயோ. என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்!

"புத்தகம் படிச்சு எவன் வயிறு நிறைஞ்சுது?" என்று வேட்பாளர் கேட்கிறார். உடனே அக்கா சிரிக்கிறாள். "ஐயோ, போதும்!" வரைக்கும். தெருவே கேட்டிருக்கிறது. ஒட்டி ஒட்டி, வேலை செய்யும்போது அது அக்காவின் சிரிப்பு என்பதே எனக்கு மறந்துபோகிறது. தெருவுக்கு மறக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் அக்காவின் கடைக்கே வந்து, "அங்க போய்ச் சிரிச்சிட்டு இங்க கையெழுத்து கேக்கறீங்களா?" என்று தன் பெயரை அடிக்கச் சொன்னாராம். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

"நான் மெஷின் முன்னாடிதானேடா உக்காந்திருந்தேன், அங்க சிரிச்சது யாரு?" என்று போனில் கேட்டாள். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 16

தயாரிப்பாளரிடம் சொன்னேன். "சிரிப்புல பேரா எழுதியிருக்கு? வாயத் திறந்த, வேலை போயிரும்."

அமைச்சரைத் தூக்கிப் போடும் கதாநாயகனுக்கு வீட்டு வாடகை கிடையாது என்பதை இன்றுதான் கவனித்தேன்.

மார்ச் 18

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்த அழுமூஞ்சி நடுவர் கடிக்கறதுக்கும் நான்தான் சிரிச்சேனா?"

"ஆமாக்கா."

"கேக்கணும்னு ஒரு தடவகூடத் தோணலயா உனக்கு?"

தோன்றவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்ககிட்டச் சொல்லு" என்றாள்.

மார்ச் 20

நூலக வாசலில் கூட்டம். அக்கா பேச எழுந்ததும் பாதிப் பேர் கிளம்பினார்கள். நான் ஒலிபெருக்கியோடு போய் முன்னால் நின்றேன்.

ஒட்டாத பதிவை முதலில் போட்டேன். வேட்பாளரின் நகைச்சுவை. அமைதி. யாரோ இருமுகிறார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. பிறகு ஒட்டியதைப் போட்டேன்.

"ஒட்டினது நான். எங்கக்கா அங்க போகவே இல்ல."

கிளம்பியவர்கள் நின்று திரும்பினார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர், "அந்த இருமல இன்னொரு வாட்டி போடுங்க தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேனா கேட்டு அக்காவிடம் முதலில் போனதும் அவர்தான். அக்கா சிரிக்கவில்லை.

மார்ச் 21

வேலை போயிற்று.

ஏப்ரல் 27

அவர் ஜெயித்துவிட்டார். எங்கள் தெருவில் மட்டும் தோற்றார். கையெழுத்துகள் போன ஆட்சியர் அலுவலகத்திலிருந்து, நூலகத்தை இப்போதைக்கு இடிக்க வேண்டாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. எந்தப் படத்திலும் இப்படி முடிக்க மாட்டார்கள், விசிலுக்கு இடமே இல்லை.

மே 11

ஒரு நாடகக் குழுவில் ஒலி பார்க்கிறேன். சம்பளம் குறைவு. சிரிப்பை மக்களே கொண்டுவருகிறார்கள்.

இன்று அக்கா வந்திருந்தாள். மாமனார் வேடக்காரருக்கு மேடையிலேயே மீசை கழன்று விழுந்தது. அரங்கமே உருண்டு சிரித்தது. அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சத்தம் வரவே இல்லை.

எல்லோரும் போனபிறகு என் மேசைக்கு வந்தாள்.

"மைக்க அணைச்சிட்டியா?"

அணைத்த பொத்தானைக் காட்டினேன். நம்பவில்லை. வயரைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்தேன்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "அந்த மீசை..." என்று ஆரம்பித்தாள். "ஐயோ, போதும்!" வரைக்கும் சிரித்தாள்.