பதினோராம் நம்பர் சட்டை

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், அவருக்கு மட்டும் தொண்டை கட்டிப்போச்சு, பயப்படாதே, காரணத்தைக் கீழே எழுதுறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டே எழுதுறேன். போன்ல சொல்லியிருப்பேன், அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கார், அதான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை, அப்பா பைண்டரா இருந்த அச்சகத்தோட கால்பந்து கழகத்துக்கு ஐம்பதாவது வருஷ விழா. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு கோப்பை ஜெயிச்ச கழகம், அதுக்கு மேடை என்ன, மைக் என்ன, கேட்காதே! காலையில இப்போ ஆடுற பசங்க அஞ்சு கோல் வாங்கித் தோத்தாங்க, அதுக்கும் கைதட்டல்தான். அப்பா வரமாட்டேன்னு ஒரே அடம், முழங்கால் வலியாம். அந்த வலி எங்கேன்னு எனக்குத் தெரியாதா, இழுத்துக்கிட்டுப் போனேன்.

உனக்கும் தெரியும். ஏழாவது படிக்கிறப்போ, இறுதி ஆட்டத்துல எங்கப்பாதான் கோல் போட்டார்னு வகுப்பு பூரா பெருமையடிச்சியே. அதே கழகத்துல ஆடின, அச்சக வாசல்ல முடிவெட்டுற மாமாவோட மகள் மறுநாளே கழகத்தோட பழைய ஆண்டு மலரைக் கொண்டுவந்து காட்டினா, அதுல கோல் அவ அப்பா பேர்ல இருந்தது. கோப்பையோட எடுத்த படத்துலயும் அப்பா இல்லை. நீ வீட்டுக்கு வந்து பையை வீசிட்டு, ஏம்ப்பா பொய் சொன்னீங்கன்னு கேட்டே. அன்னைக்கு மூடின வாய்தான், அந்தக் கோலைப் பத்தி அவர் அப்புறம் பேசவே இல்லை. நான் உன்கிட்ட விளக்கிச் சொல்ல வந்தப்பல்லாம், அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்காளே, விடுன்னு தடுத்துட்டார்.

நடந்தது இதுதான். அப்போ கழகத்துக்கு மொத்தமே பதினோரு சட்டை. மாற்று ஆள் உள்ளே போகணும்னா, வெளியே வர்றவர் கழட்டிக் கொடுக்கிறதை வேர்வையோட மாட்டிக்கிட்டு ஓடணும். மாமாவுக்குக் கணுக்கால் பிசகி, அப்பா அந்தப் பதினோராம் நம்பரை மாட்டிக்கிட்டுப் போனார், கடைசி நிமிஷத்துல கோலும் போட்டார். ஆண்டு மலருக்குக் குறிப்பு எழுதினவர் மூஞ்சியைப் பார்க்கலை, முதுகுல இருந்த நம்பரைத்தான் பார்த்தார். படம் எடுக்கிறப்போ சட்டை மாமாகிட்டயே திரும்பிப் போயிடுச்சு, சட்டை இல்லாதவங்க தள்ளி நில்லுங்கன்னு போட்டோக்காரர் விரட்டிட்டார். படத்தோட வலது ஓரத்துல ஒரு முழங்கை தெரியுமே, அது உங்கப்பாவோடது. கல்யாணமான முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டேன்.

விழாவுல மாமாவை மேடைக்குக் கூப்பிட்டு, அந்தக் கோலை எப்படிப் போட்டீங்கன்னு கேட்டாங்க. மனுஷன் கோப்பையைப் பார்த்தார், நாலாவது வரிசையில அப்பாவைப் பார்த்தார், எந்தக் காலால போட்டேன்னு சொல்றது, என் கால் ஐஸ் வாளிக்குள்ள இல்ல இருந்துச்சுன்னு போட்டு உடைச்சார் பாரு! சும்மா வந்த பேரு, விட மனசு வரலை, கோல் நம்ம பைண்டரோடதுன்னு சொல்லி அழுதே போயிட்டார். முதல்ல கைதட்டினது அவர் பொண்ணுதான். எனக்குக் கோபம்தான் வந்திருக்கணும், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து தொலைச்சது.

அப்பாவுக்கு அதே நம்பர்ல புதுச் சட்டை மாட்டிவிட்டாங்க, தொப்பைக்கு மேலேயே நின்னுடுச்சு. படம் உள்ளே வச்சிருக்கேன், இந்தத் தடவை முழு ஆளா இருக்கார். அன்னையிலிருந்து பால்காரர், சிலிண்டர் கொண்டுவர்றவர், எதிர்வீட்டு டாக்டர், ஒருத்தரையும் விடலை, மேசையில உப்பு டப்பாவைக் கோல்கீப்பரா வச்சு விளக்கி விளக்கித்தான் தொண்டை போச்சு. உனக்கு மட்டும் எழுதாதேங்கிறார், அவளுக்கு அதெல்லாம் மறந்திருக்குமாம். நேத்து நீ வீடியோல வந்தப்போ, அவசரமா அந்தச் சட்டையைக் கழட்டிட்டுத்தான் உன் முன்னாடி வந்து உக்காந்தார்.

அந்த ஊர்க் குளிர்ல குட்டிக்குக் காதை மூடிக் கூட்டிட்டுப் போ, நீயும் வேளைக்குச் சாப்பிடு. மூணு பேரும் சிரிச்ச முகமா நூறு வருஷம் இருக்கணும். ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுறப்போ மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவர் தாங்க மாட்டார். அப்பா, அந்தக் கோலை எப்படிப் போட்டீங்கன்னு மட்டும் கேளு. ஒரு மணி நேரம் ஒதுக்கி வச்சுக்கோ, உப்பு டப்பாவை நான் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
முழங்கையை வச்சே ஆளைக் கண்டுபிடிச்ச உன் அம்மா