வெட்டுத்துணி வளையம்

மச்சான்,

நேற்று மத்தியானம் உங்கள் கடைக்குப் போயிருந்தேன். உங்கள் மகள் மிஷினுக்குக் கீழே கிடந்த சாக்கைக் கொட்டி, பள்ளிக்கூட யூனிஃபார்மில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். புதுத்துணியின் கஞ்சி வாடையும் மிஷின் எண்ணெய் வாடையும் கலந்து வந்தன. கிறிஸ்துமஸுக்கு வாசலில் மாட்ட ஒரு வளையம் செய்யப்போவதாகச் சொல்லி, கட்டுக்கம்பியை என்னிடம் நீட்டி வட்டமாக வளைத்துத் தரச் சொன்னாள். வளைக்கத் தொடங்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது.

அவளுக்கு எதுவும் தெரியாது. உங்கள் வலதுகையில் மூன்று விரல்கள் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் போயின என்றுதான் சொல்லி வளர்த்தீர்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தையல் பழக வேம்பாரிலிருந்து தினமும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போன அக்கா, ஒருநாள் திரும்பி வரவில்லை. சாத்தான்குளத்துத் தையல்காரர் ஒருவரை, வேறு சாதிக்காரரை, ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மறுநாள் தகவல் வந்தது. அப்பா கட்டிலில் படுத்தவர்தான், அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கரையில் யார் சிரித்தாலும் எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். வலை பிரிக்கிற இடத்தில் ஒருவனுடைய பல்லை உடைத்தேன். இன்னொருவனைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தபோது நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். அக்காவின் தாவணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள் என்பதற்காக அம்மாவைச் சுவரில் தள்ளியிருக்கிறேன். அவளுக்கு நெற்றி புடைத்துவிட்டது. அப்படியும் என் கோபம் தீரவில்லை. அது உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், நீங்களாகவே வந்தீர்கள். நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் தெரு வழியாகத் தனியாக நடந்து வந்தீர்களாம். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். கடையில் மிஞ்சிய துணிகளை ராத்திரியும் பகலும் சுருட்டித் தைத்து அவளே செய்த வளையம் அது. பச்சை யூனிஃபார்ம் துணியில் இலைகள், சிவப்பு சாட்டினில் மொட்டுகள். அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அம்மா சம்மதித்தால் தன்னைப் பிரசவத்துக்கு அழைத்துவரட்டுமா என்று கேட்டுவர உங்களை அனுப்பியிருந்தாள். அம்மா அதை வாங்கி வாசல் ஆணியில் மாட்டினாளாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

நான் கரையில் இருந்தேன். எங்கள் ஊரில் அன்றைக்கு ஸ்டார் கட்டுவார்கள், குடில் வைப்பார்கள். வாசலில் வளையம் மாட்டுவதை யாரும் பார்த்ததில்லை. தெருவிலிருந்து வந்த ஒருவன் என்னிடம் கேட்டான்:

“ஏலே, ஒங்க வீட்டு வாசல்ல மலர்வளையம் தொங்குது. ஒங்க அப்பன் போய்ட்டாரா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். வளையத்தைப் பிடுங்கி அடுப்புக்குள் எறிந்தேன். நீங்கள் என்னைத் தடுக்கவில்லை. அடுப்படிக்கு ஓடி, நெருப்புக்குள் கையை விட்டு அதை எடுக்கப் பார்த்தீர்கள். “அது ஒங்க அக்கா தச்சது. என்னய அடி, அத விட்ரு” என்றீர்கள். முதல் அடி உங்கள் முதுகில் விழுந்தது. இரண்டாவது காதோரத்தில். ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்தேன். தெரு முழுக்க ஆள் நின்றது, ஒருவரும் கிட்டே வரவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் கோபத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் வலதுகையை எடுத்து வாசல் கல்லின்மேல் வைத்தேன். மணிக்கட்டை மிதித்துக்கொண்டேன். நீங்கள் தையல்காரர் என்பதை நினைத்துத்தான் அதைச் செய்தேன். மூன்று தடவை துடுப்பால் அடித்தேன். மூன்றாவது அடியில் அம்மா வந்து உங்கள்மேல் விழுந்தாள். அப்பா உள்ளே கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் “போதும்ல” என்றார்.

மீன் ஏற்றும் வேனில் அம்மாதான் உங்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து விசாரித்தபோது, பஸ் படியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொன்னீர்களாம். கேள்விப்பட்டு நான் கரையில் நின்று உங்களைப் பேடி என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் மகள் பிறந்தாள். நீங்கள் இடதுகையால் துணி வெட்டப் பழகினீர்கள், அக்கா மிஷின் மிதித்தாள் என்று அம்மா வந்து சொன்னாள். அப்பா செத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள்தான் நாற்காலி எடுத்துப் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். உங்கள் மகள் என் தோளில் ஏறி வளர்ந்தாள். என்னை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்றே நம்பியிருந்தேன். உங்கள் பெருந்தன்மையை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

போன மழைக்காலத்தில், கிட்னி போய் நீங்கள் படுக்கையில் கிடந்தபோது, அக்கா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், நானாக அந்தப் பேச்சை எடுத்தேன். அன்றைக்குப் போலீஸில் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு இத்தனை வருஷமாக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்றேன். நீங்கள் மேலே ஃபேனைப் பார்த்தபடியே சொன்னீர்கள்:

“மன்னிச்சேன்னு நெனச்சியா? பயந்தேன், மாப்ள. நீ ஜெயிலுக்குப் போயிட்டு வெளிய வந்தா அவளயும் வயித்துப் பிள்ளையயும் கொன்னுருவன்னு பயந்தேன்.”

பிறகு, “இப்பவும் பயமாத்தான் இருக்கு” என்றீர்கள். பத்து நாளில் கண்ணை மூடிவிட்டீர்கள்.

நேற்று கம்பியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லின்மேல் கையை வைத்ததையும், மூன்று அடியையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. கையிலிருந்த பச்சைத் துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்.

“நீங்க தெருமுனையில வரும்போதே அப்பா கத்தரியெல்லாம் எடுத்து டிராயருக்குள்ள போட்டுப் பூட்டுவாங்க. அது எதுக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது.”

மச்சான், இருபத்துநாலு வருஷமாக மீனோடு வருகிற ஒருவனாகத்தான் என்னை நான் நினைத்திருந்தேன். கதவைத் திறந்தபோதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் துடுப்புதான் தெரிந்திருக்கிறது. இப்போது மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் அதற்கும் பயந்துகொண்டுதான் சரி என்பீர்கள்.

இன்று காலை உங்கள் மகள் போன் செய்தாள். தன் அம்மாவிடம் பேசிவிட்டதாகவும், இனி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவேண்டாம் என்றும் சொன்னாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. நான் சரி என்றேன்.

அவள் என்னிடம் பயமில்லாமல் பேசினாள், மச்சான். எனக்கென்று இப்போது இருப்பது அது ஒன்றுதான்.